பிரித்த கல்லும் பெயர்த்த எழுத்தும்

முன்னுரை

பழங்கட்டடங்களைப் பிரித்து, அவற்றின் பொருள்களைப் புதுக்கட்டடங்களுக்குப் பயன்படுத்தும் வழக்கம் இந்திய வரலாற்றில் தொன்மையானது. தமிழகக் கோயில்களில் இவ்வழக்கம் தனியொரு சிக்கலை எழுப்புகிறது. இங்குக் கல் கட்டுமானப் பொருள் மட்டுமன்று, ஆவணமும் ஆகும். கட்டடத்தைப் பிரிக்கும்போது அதிலுள்ள எழுத்து என்னவாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சோழர் கால நடைமுறை

செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கற்களிலிருந்த சாசனங்கள் புதிய சுவர்களில் படியெடுத்துப் பொறிக்கப்பட்டன. அவற்றுள் பல்லவர் காலச் சாசனங்களும் உண்டு. அவை பழங்கல்லின் படி என்னும் குறிப்பும் உடன் பொறிக்கப்பட்டது.

திருமழபாடிச் சான்று இன்னும் தெளிவானது. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் (1012-13) அங்குள்ள விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்டான். பிரிக்குமுன் கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளவும் பணித்தான். முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் (1025-26) அவற்றை மீண்டும் கல்லில் வெட்ட ஆணை பிறந்தது. ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் அக்கோயிலின் உரிமைகளும் நிவந்தங்களும் புத்தகப்படியை நம்பியே நின்றன எனலாம்.

இத்தகைய படிகளில் வாசகத்தின் காலம் வேறு, எழுத்தமைதியின் காலம் வேறு. சுவடிகளைப் பாடவேறுபாடு நோக்கி ஆய்வது போன்றே இவற்றையும் ஆய்தல் வேண்டும்.

படியெடாத இழப்பு

கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் கீழணை கட்டப்பட்டபோது, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் திருச்சுற்று மதிற்கற்கள் அதற்குக் கொண்டுசெல்லப்பட்டன. அணையால் உழவு பயன்பெற்றது என்பதை மறுத்தற்கில்லை. எனினும், அக்கற்களில் எழுத்து இருந்திருப்பின் அதனைப் படிக்கும் வாய்ப்பு அன்றே அற்றுப்போயிற்று. பல ஊர்க் கோயில்களில் தளவரிசையிலும் படிக்கட்டிலும் தலைகீழாகக் காணப்படும் துண்டுக் கல்வெட்டுகளும் இவ்விழப்பின் எச்சங்களே.

முடிவுரை

கல்லை மீண்டும் பயன்படுத்துவது குற்றமன்று. சோழரும் பழைய கட்டடங்களைப் பிரித்தனர். ஆயின், படியெடுத்த பின்னரே பிரித்தல் என்னும் ஒழுங்கைத் திருமழபாடி காட்டுகிறது. இன்றைய திருப்பணிகளிலும் கற்களுக்கு எண்ணிட்டு, மைப்படி எடுத்து, ஒளிப்படம் பதிந்த பின்னரே அவற்றை அசைத்தல் வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் புத்தகமும் எழுத்தாணியும் கொண்டு செய்யப்பட்ட பணி இன்று இயலாது என்பதற்குக் காரணம் ஏதுமில்லை.