டிராய் நகரமும் துரியோதனன் படுகளமும்

கிரேக்கக் கதை என்றாலே பள்ளிப் பிள்ளைகளுக்கு டிராய் நகரத்து மரக்குதிரைதான் ஞாபகம் வரும். ஆனால் ஹோமரின் இலியட் அந்தக் குதிரைக்கு முன்பே முடிந்துவிடுகிறது! தன் மகன் ஹெக்டரைக் கொன்ற அக்கிலிஸிடமே கிழவர் பிரியாம் போகிறார். மகனின் உடலைத் தரும்படி கெஞ்சுகிறார். பகைவர்கள் இருவரும் ஒன்றாக அழுகிறார்கள். ஹெக்டரின் ஈமச்சடங்கோடு காவியம் முடிகிறது.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கப் பேச்சாளர் டியோ கிறிசோஸ்டம், இந்தியர்கள் ஹோமரைத் தங்கள் மொழியில் பாடுகிறார்கள், பிரியாமின் துயரம் அவர்களுக்கும் தெரியும் என்று எழுதினார். அவர் கேள்விப்பட்டது மகாபாரதமாக இருக்கலாம் என்று அறிஞர்கள் சிலர் ஊகிக்கிறார்கள்.

சரி, அந்த மகாபாரதம் நம் பக்கத்துப் பாமரருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? 7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேஸ்வரவர்மன், காஞ்சிபுரம் அருகே கூரத்து மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று நிலத்தில் ஒரு பங்கு ஒதுக்கினான். கூரம் செப்பேடு இதைச் சொல்கிறது. மாமல்லபுரத்தில் சுமார் 30 மீட்டர் நீளப் பாறையே கதைப்புத்தகம் ஆனது. அது அர்ச்சுனன் தபசா, பகீரதன் தவமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் அங்கே தவக்கோலத்தில் நிற்கும் போலிப் பூனையையும், அதன் காலடியில் உள்ள எலிகளையும் பார்க்கும் குழந்தைக்கு விளக்கம் தேவையில்லை. போலித் தவப் பூனையின் கதை மகாபாரதத்திலேயே உண்டு.

செங்கல்பட்டு உள்ளிட்ட வட தமிழகத்தின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் கூத்தாக நடக்கிறது. அர்ச்சுனன் வேடக்காரர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். கடைசியில் படுகளம். மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் தரையில் கிடப்பான். அவன் வீழ்ந்ததும் ஒப்பாரி எழும். இத்தனை நாளும் வில்லனாகப் பார்த்தவனுக்காக ஒரு தாய் அழுவதைக் கூட்டத்தில் உள்ள சிறுவர்களும் பார்க்கிறார்கள்.

காவியத்தைக் குழந்தைகளுக்கு எளிமையாகச் சொல்லலாம், பெயர்களைக் குறைக்கலாம், கிளைக்கதைகளை விடலாம். ராஜாஜி 'வியாசர் விருந்து' நூலில் பாரதத்தை அப்படித்தான் எளிமையாக்கினார். ஆனால் எதிரியின் வீட்டு அழுகையை மட்டும் விடக்கூடாது. அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் சண்டைக் கதைதான். படுகளம் பார்த்த பிள்ளைக்குப் பிரியாம் அந்நியர் அல்லவே!