நீரின் தூய்மை: சடங்கும் சோதனையும்

1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள், டாக்டர் அம்பேத்கர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் பெருந்திரளாக அணிவகுத்துச் சென்று, மகாராட்டிரத்து மகாடு நகரின் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினர். அக்குளத்தை எல்லார்க்கும் திறந்துவிட அந்நகராட்சியே 1924இல் தீர்மானித்திருந்தது. எனினும் அன்றே அம்மக்கள் தாக்கப்பட்டனர். பின்னர், குளம் தீட்டுப்பட்டதென்று கூறி, சாணம், கோமியம், பால், தயிர் ஆகியவற்றைப் பானைகளில் நிரப்பிக் குளத்தில் அமிழ்த்தித் ‘தூய்மை’ செய்தனர் சாதி இந்துக்கள். குடிநீரில் சாணத்தைக் கலப்பது தூய்மை, மனிதன் கை படுவது அழுக்கு என்பதே அவர்தம் கொள்கை.

உலகமோ அதற்கு நெடுநாள் முன்னரே நீரின் தூய்மையை வேறு வழியில் தேடத் தொடங்கியிருந்தது. 1804இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஜான் கிப் என்பார் தமது துணி வெளுக்கும் ஆலைக்கு மணல் வடிகட்டி அமைத்து, மிகுந்த நீரை ஊராருக்கு விற்றார். 1829இல் ஜேம்ஸ் சிம்ப்சன் லண்டன் செல்சீ பகுதியில் பெரிய மணற்படுகையைக் கட்டினார். மணல் துகள்களைத் தடுக்கிறது. அதன் மேற்பரப்பில் சில வாரங்களில் படரும் உயிர்ப்படலம் நோய்க்கிருமிகளைப் பெரிதும் அழிக்கிறது.

இதன் பயனை 1892இல் ஜெர்மனி கண்டது. எல்பா ஆற்று நீரை வடிகட்டாது குடித்த ஹாம்பர்க் நகரில் 8,000க்கும் மேற்பட்டோர் காலராவால் மாண்டனர். ஹாம்பர்க்கின் கழிவு கலந்த அதே ஆற்று நீரை மணலில் வடிகட்டிக் குடித்த அண்டை நகரான ஆல்டோனா பெரும்பாலும் தப்பியது. இரு நகரங்களின் எல்லையாய் அமைந்த தெருவில், ஹாம்பர்க் குழாய் வந்த பக்கத்தில் நோய்; ஆல்டோனா குழாய் வந்த பக்கத்தில் நலம். அங்கே சாவைத் தீர்மானித்தது நீரே, பிறப்பன்று.

இவ்வறிவு ஆய்வுக்கூடத்தோடு நின்றால் மக்களுக்குப் பயனில்லை. வங்கதேசத்து மட்லாப் பகுதியில், பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீரை வடிகட்டும் முறையை அறிவியலார் ஊர்ப்பெண்களுக்குச் செய்து காட்டினர். காலராக் கிருமிகள் ஒட்டியிருக்கும் நுண்ணிய நீர்வாழ் உயிரிகளைச் சேலை தடுத்துவிடுகிறது. ரீட்டா கோல்வெல் குழுவினர் 2003இல் வெளியிட்ட முடிவின்படி காலரா 48 விழுக்காடு குறைந்தது. துவைத்துப் பழகிய சேலையே புதியதினும் நன்கு வடிகட்டிற்று. ஏழையின் கந்தலுக்கும் அறிவியலில் இடமுண்டு என்பதை அப்பெண்கள் தம் கையாலேயே அறிந்தனர்.

நம் பள்ளிகளிலும் இத்தகைய செயல்வழிக் கல்வி எளிதே. அடியில் துளையிட்ட பானையில் கூழாங்கல், கரி, மணல் என அடுக்கிக் கலங்கிய நீரை ஊற்றினால், தெளிந்த நீர் சொட்டுவதைக் குழந்தைகள் காண்பர். தெளிந்த நீரெல்லாம் குடிக்கத்தக்க நீரன்று. கொதிக்க வைத்தலோ குளோரின் இடுதலோ வேண்டும் என்பதையும் உடன் கற்பித்தல் வேண்டும். மலக்கலப்பைக் காட்டும் எளிய குப்பிச் சோதனை ஒன்றை இந்திய அறிவியலார் 1982இல் வெளியிட்டனர். மாசு இருப்பின் குப்பி நீர் ஓரிரு நாளில் கருக்கும். நீரை மொண்டவர் எச்சாதியார் என்பது அக்குப்பிக்குத் தெரியாது!

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்கள் குடித்துவந்த நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. அக்கொடுமையை எந்த மணற்படுகையும் போக்காது; அதற்குச் சட்டமும் போராட்டமும் வேண்டும். சவுதார் குளத்து வழக்கிலும் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு 1937இலேயே கிடைத்தது. எனினும் நம் தெருவின் நீரை நாமே சோதித்தறியும் ஆற்றல் நமக்கு இன்றியமையாதது. வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், பானையையும் குப்பியையும் ஊர்ப் பொதுவிடத்தில் வைத்து, எல்லாத் தெருப் பிள்ளைகளும் கூடிநின்று செய்து பார்க்க வழிவகுப்போமாக.