நன்றிக் கணக்கு

2017, ஏப்ரல் 11. திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் பெண்கள் சாலையை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஊரில் டாஸ்மாக் கடை வேண்டாம்.

பின்னணி இதுதான். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக்கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஜனங்கள் சாகிறார்களே என்ற கவலையில் பிறந்த உத்தரவு. 2017 ஏப்ரல் பிறந்ததும் தமிழ்நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட கடைகளுக்குப் பூட்டு. பூட்டிய கடை சும்மா இருக்குமா? வேறு இடம் தேடியது. மெயின் ரோட்டை விட்டு நகர்ந்தால் அடுத்து இருப்பது என்ன? நாம் குடியிருக்கும் தெருக்கள்தான். அந்தக் கோடை முழுக்க மாநிலத்தில் ஊர் ஊராகப் பெண்கள் ரோட்டுக்கு வந்தார்கள்.

சாமளாபுரத்தில் தடியடி நடந்தது. கூடுதல் எஸ்.பி. அந்தஸ்தில் இருந்த ஓர் அதிகாரி, ஒரு பெண்ணை ஓங்கிக் கன்னத்தில் அறைந்தார். யாரோ செல்போனில் எடுத்த அந்தக் காட்சியை அன்று ராத்திரிக்குள் நாடே பார்த்தது. விவகாரம் ஹைகோர்ட் வரை போனது.

கொங்கு நாட்டுப் பெண்களுக்கு இது புதிதில்லை. 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல். பெரியாரைக் கைது செய்ததும் அவர் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் களத்தில் இறங்கினார்கள். மறியலை நிறுத்தச் சொல்லிக் கேட்டவர்களிடம், அது தன் கையில் இல்லை, ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்களைக் கேளுங்கள் என்று காந்தி கைகாட்டியது பலரும் எழுதிய கதை.

ஆனால், நான் சொல்ல வந்தது கடையைப் பற்றி அல்ல. குடியை நிறுத்திய ஆளைப் பற்றி. யோசித்துப் பாருங்கள். குடித்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை. டூவீலரை எடுத்தால் ஐந்து நிமிஷம். கடை பக்கத்தில் வந்தால் உண்மையில் கலங்கிப் போகிறவர், நிறுத்தி மூன்று மாதமோ மூன்று வருஷமோ ஆனவர்தான். ஷிப்ட் முடிந்து தினமும் அந்த வழியாகத்தான் அவர் வீட்டுக்குப் போகவேண்டும்.

சாமளாபுரம் நொய்யல் கரை ஊர். பெரிய குளம் உண்டு. சோமனூர் பக்கத்தில், மங்கலம் தாண்டினால் திருப்பூர். விசைத்தறிச் சத்தம் இரவு பகல் பார்க்காது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் என்பது சாதாரண வார்த்தை. வாரச் சம்பளம், அதிலும் சனிக்கிழமைப் பட்டுவாடா, இந்தப் பகுதியின் பழைய பழக்கம். கை நிறையக் காசு, மறுநாள் லீவு, உடம்பெல்லாம் வலி. குடிக்கு இதைவிடத் தோதான நேரம் வேறு கிடையாது. நிறுத்தியவருக்கு ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் ஒரு பரீட்சை.

இந்தப் பரீட்சைக்குக் குடியிலிருந்து மீண்டவர்கள் உலகம் முழுக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நன்றி சொல்வது! கேட்டதும் சிரிப்பு வரும். சாமி கும்பிடச் சொல்லுகிற மாதிரி இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அத்தனை லேசான விஷயமாகத் தெரியாது. அதில் சம்பந்தப்பட்ட முதல் ஆள், ஆச்சரியம் பாருங்கள், ஒரு நெசவு மில் குடும்பத்துப் பிள்ளை.

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலம். அங்கே பீஸ்டேல் என்ற ஊரில் கம்பளி மில் நடத்திய குடும்பம் ஹசார்டு குடும்பம். அதன் வாரிசு ரோலண்ட் ஹசார்டு. காசுக்குக் குறைவில்லை, குடிக்கும் குறைவில்லை. எந்த வைத்தியத்துக்கும் மசியாத கேஸ். கடைசியில் சுவிட்சர்லாந்து போய், உலகப் புகழ்பெற்ற மனநல மருத்துவர் கார்ல் யுங்கிடம் சிகிச்சை எடுத்தார். திரும்பினார், மறுபடி குடித்தார். ஓடிப்போய் யுங்கையே கேட்டபோது, அவர் மழுப்பாமல் சொன்னார்: மருத்துவத்தால் இனி உனக்கு ஆவதொன்றும் இல்லை, உள்ளுக்குள்ளேயே ஒரு பெரிய மாற்றம் வந்தால்தான் உண்டு. எவ்வளவு பெரிய டாக்டர், என்னால் முடியாது என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் பாருங்கள்.

ஹசார்டு ஒரு ஆன்மிகக் குழுவில் சேர்ந்து குடியை விட்டார். 1934-ல், குடித்துக் கலாட்டா செய்து கோர்ட் வரை போன எபி தாச்சர் என்பவரை, மனநோய் விடுதிக்கு அனுப்பாமல் மீட்டுக்கொண்டு வந்தார். எபி, அந்த நவம்பரில் தன் பழைய கூட்டாளி பில் வில்சனைத் தேடி நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்குப் போனார். பில் பங்குச் சந்தையில் பறந்து, 1929 சரிவில் விழுந்து, ஜின் பாட்டிலோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர். சமையலறை மேஜையில் கிளாஸை நகர்த்தினார். எபி வேண்டாம் என்றார். பில்லுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவனா வேண்டாம் என்கிறான்!

டிசம்பர் 11-ல் பில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அதன்பிறகு குடிக்கவில்லை. (இங்கே ஒரு வார்த்தை. வருஷக்கணக்காக அதிகமாகக் குடித்தவர் திடீரென்று தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். நன்றி எல்லாம் அதற்குப் பிறகு.)

ஐந்து மாதம் கழித்து, 1935 மே. வியாபார விஷயமாக ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் ஊருக்குப் போனார் பில். போன காரியம் படுதோல்வி. ஓட்டல் வரவேற்பறையில் தனி ஆளாக நிற்கிறார். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன், அருகில் உள்ளூர் சர்ச்சுகளின் பட்டியல். தான் பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. உதவி கேட்க அல்ல, உதவி செய்ய! வரிசையாக போன் போட்டார். ஒரு பெண்மணி மூலம் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவைசிகிச்சை நிபுணர் கிடைத்தார். மே 12, அன்னையர் தினம். பதினைந்து நிமிஷம்தான் பேசுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டு மாலை 5 மணிக்கு வந்த டாக்டர், எழுந்து போனபோது இரவு 11 மணி தாண்டிவிட்டது.

டாக்டர் அடுத்த மாதம் ஒருமுறை வழுக்கினார். கடைசியாக அவர் குடித்தது ஜூன் 10-ம் தேதி. அன்றைக்கு ஆபரேஷன். கை நடுங்காமல் இருக்க ஒரு பாட்டில் பீர் கொடுத்து அனுப்பியதே பில்தான். ஆபரேஷன் முடிந்தும் டாக்டர் வீடு திரும்பவில்லை. எல்லோரும் பயந்துபோனார்கள். ராத்திரி வந்து சேர்ந்தார். எங்கே போயிருந்தார்? கடன் கொடுத்தவர்கள், தான் முகம் பார்க்கப் பயந்தவர்கள் என்று ஒவ்வொரு வீடாகப் போய்த் தவறை ஒப்புக்கொண்டு வந்திருந்தார். அந்தத் தேதியைத்தான் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்கிற ஏ.ஏ. அமைப்பு தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. பெயரை வெளியே சொல்லாத குடிநோயாளிகளின் கூட்டம். 1957-ல் ஒரு கனடாக்காரர் மூலமாக இந்தியாவுக்கும் வந்தது.

இந்தக் கதையில் நன்றி எங்கே இருக்கிறது என்று கவனித்தீர்களா? யாரும் யாருக்கும் வாயால் நன்றி சொல்லவில்லை. எபிக்குப் பட்ட கடனை பில், பாப்பிடம் கட்டினார். பாப் அதை அடுத்த ஆளிடம் கட்டினார். தான் ஏன் முன்பின் தெரியாத குடிகாரர்களின் படுக்கையருகே போய் உட்காருகிறேன் என்பதற்கு டாக்டர் பாப் பின்னாளில் எழுதிய காரணங்களில் ஒன்று, தனக்காக நேரம் செலவழித்த மனிதருக்குப் பட்ட கடனை அடைப்பது. அப்படிச் செய்யும்போது தனக்கே குடி திரும்பாது என்பதையும் மறைக்காமல் எழுதினார். தறிக்காரர்களுக்குப் புரிகிற கணக்கு.

நம்ம வள்ளுவர் இதைப் பாதி சொல்லிவிட்டார் என்றே நினைக்கிறேன். கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கடைசி இரண்டு குறள்களைப் புரட்டுங்கள். குடிபோதையில் இருப்பவனுக்குக் காரண காரியம் சொல்வது, தண்ணீருக்கடியில் மூழ்கியவனை விளக்கு கொளுத்திக்கொண்டு தேடுகிற மாதிரி. அதாவது உபதேசம் வேலைக்காகாது. சரி, எதுதான் ஆகும்? அடுத்த குறளில் இருக்கிறது. தான் தெளிவாக இருக்கும் நேரத்தில் குடித்தவன் ஒருவனைப் பார்க்கும்போது, தன் நிலையும் இதுதானே என்று நினைக்க மாட்டானா என்று கேட்கிறார். ஆக்ரனில் அந்த ஆறு மணி நேரம் நடந்தது இதுதானே! செய்ந்நன்றி அறிதலுக்கும் தனி அதிகாரம் போட்டவர், இரண்டையும் முடிச்சுப் போடாமல் விட்டுவிட்டார். அந்த அதிகாரத்தில் உதவியின் அளவுக்கு அவர் காட்டும் உவமைகளில் ஒன்று பனைமரம். கள் இறக்குவதும் அதிலிருந்துதான்!

தமிழ்நாட்டில் அந்த முடிச்சைப் போட்டவர்களில் முக்கியமானவர் சாந்தி ரங்கநாதன். டி.டி.கிருஷ்ணமாச்சாரி குடும்பத்து மருமகள். கணவரைக் குடிநோய்க்கு இளம் வயதிலேயே பறிகொடுத்தார். அமெரிக்கா போய்ப் பயிற்சி எடுத்துவந்து, 1980-ல் சென்னையில் கணவர் பெயரில் சிகிச்சை மையம் தொடங்கினார். டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று சொன்னால் தெரியும். 1992-ல் பத்மஸ்ரீ, 1999-ல் ஐ.நா.வின் வியன்னா சிவில் சொசைட்டி விருது. குடித்தவருக்கு மட்டும் பெட் போட்டால் போதாது, மனைவிக்கும் தனியாக நாள் ஒதுக்கிப் பேச வேண்டும் என்பது அந்த மருத்துவமனையின் வழி. மஞ்சக்குடி மாதிரியான கிராமங்களுக்கே போய் முகாம் போட்டார்கள். மனைவி உட்கார வேண்டிய இடம் இது, நடுரோடு அல்ல என்று யாரோ சொன்ன மாதிரி இருக்கிறது எனக்கு.

தினசரி நன்றி என்பது நடைமுறையில் எப்படி? ராத்திரி படுக்கும் முன் நாலைந்து வரி எழுதுவது. கடவுளுக்கு நன்றி, குடும்பத்துக்கு நன்றி என்று மொத்த வியாபாரமாக எழுதினால் இரண்டே நாளில் போரடித்துவிடும். சில்லறையாக எழுத வேண்டும். சம்பளக் கவர் பிரிக்காமல் வீடு வந்தது. பாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், மூக்கைப் பொத்தவில்லை. அந்த வளைவில் வண்டியை நிறுத்தாமல் வந்தேன். திங்கட்கிழமை காலையில் என்ன பொய் சொல்லலாம் என்று யோசிக்க வேண்டியதில்லை.

இதனால் என்ன பிரயோஜனம்? குடிக்குத் தீனி போடுவது பெரும்பாலும் மனக்குறைதான். முதலாளி ஏமாற்றினான், தம்பி பாகத்தில் மோசம் பண்ணினான், மாமனார் மதிக்கவில்லை. பெரிய பேரேடே மனதுக்குள் ஓடும். வரவேண்டிய பாக்கி மட்டும் எழுதிய பேரேடு. நன்றிப் பட்டியல், அதே பேரேட்டின் மறுபக்கத்தை எழுத வைக்கிறது. தான் கொடுக்க வேண்டிய பாக்கி. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு குழுவை நன்றிக்குரிய விஷயங்களையும், இன்னொரு குழுவை எரிச்சல்களையும் எழுத வைத்தார்கள். நன்றி எழுதியவர்களுக்குத் தங்கள் வாழ்க்கை மேல் திருப்தி கூடுதலாக இருந்தது. ஆய்வில் இருந்தவர்கள் குடிநோயாளிகள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிறுத்தியவர் செய்கிற பெரிய தப்பு ஒன்று உண்டு. நான்தான் நிறுத்திவிட்டேனே, நீ ஏன் இன்னும் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று மனைவியிடம் நன்றியை வசூல் செய்யப் போவது. பில் வில்சனின் மனைவி லோயிஸ், அவர் குடித்த வருஷங்களில் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டியவர். பில் தெளிந்து, ஊருக்கெல்லாம் உபகாரியாகித் திரிந்தபோது ஒருநாள், மீட்டிங்குக்கு நேரமாச்சு, கிளம்பு என்று அவசரப்படுத்தினார். லோயிஸ் செருப்பைக் கழற்றி அவர் மேல் வீசிவிட்டார்! உன் மீட்டிங் நாசமாய்ப் போக! அத்தனை வருஷம் தாங்கியது நான், பெயர் எவனோ ஒரு கூட்டத்துக்கா என்ற ஆத்திரம். அந்தச் செருப்பிலிருந்துதான் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் அமைப்பு முளைத்தது என்றுகூடச் சொல்லலாம். 1951-ல் லோயிஸ் அதை முறைப்படி தொடங்கினார்.

சாமளாபுரத்தில் வெயிலில் உட்கார்ந்து அடி வாங்கியவர்களை நினைத்தால் எனக்கு லோயிஸ் ஞாபகம்தான் வருகிறது. குடியை விட்ட எத்தனையோ ஆண்களின் வழியில் ஒரு கடையைக் குறைக்கத்தான் அவர்கள் உட்கார்ந்தார்கள். அந்த ஆண்களின் ராத்திரி நோட்டில் அவர்களுக்கு ஒரு வரி இருக்குமா?

எபி தாச்சர் கதையையும் முடித்துவிடுகிறேன். பில்லை மீட்ட எபி, தான் மட்டும் மறுபடி குடியில் விழுந்தார். எழுந்தார், விழுந்தார். பில் அவரைக் கைவிடவில்லை. பணம் அனுப்பினார், தங்க இடம் ஏற்பாடு செய்தார். என் வழிகாட்டி இவர்தான் என்று எல்லோரிடமும் சொன்னார். எதிரே தள்ளாடிக்கொண்டு நிற்கும் ஆளைக் காட்டி அப்படிச் சொல்வதற்குத் தனி மனசு வேண்டும். 1966-ல் எபி இறந்தபோது, கடைசி இரண்டரை வருஷம் போல அவர் குடிக்காமல் இருந்திருந்தார்.

யுங்குக்கு மட்டும் பாக்கி நின்றது. தான் ஒரு மில் குடும்பத்துப் பிள்ளையிடம் சொன்ன வார்த்தை என்ன ஆயிற்று என்பது அவருக்குத் தெரியாது. 1961 ஜனவரி 23 அன்று பில் உட்கார்ந்து கடிதம் எழுதினார். ரொம்பத் தாமதமான நன்றி இது என்று தொடங்கி, ஹசார்டு, எபி, தான் என்று வரிசையாக நடந்ததைச் சொல்லி. ஜனவரி 30-ம் தேதியிட்டு யுங் பதில் எழுதினார். ஹசார்டை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவருக்கு என்ன ஆனதோ என்று அடிக்கடி நினைத்துக்கொண்டதாக எழுதியிருந்தார்.

அந்த ஜூன் 6-ம் தேதி யுங் காலமானார்.