மூச்சு வழியே ஒரு மருந்து

லக்னோவுக்கு வேலைக்கு வந்து வருஷக்கணக்காகிவிட்டது. ஊரிலிருந்து யார் வந்தாலும் கோமதி ஆற்றங்கரையில் உள்ள சத்தர் மன்ஸிலைக் காட்டாமல் அனுப்புவதில்லை. நவாபுகளின் அரண்மனை. 1951-ல் நேரு திறந்துவைத்த மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் ஏறத்தாழ அறுபது வருடம் இதற்குள்தான் இருந்தது. வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு பிரியாணிக்குக் கிளம்பிவிடுவார்கள். நான் விடமாட்டேன், இந்தக் கதையைச் சொல்லித்தான் அனுப்புவேன். இன்று நீங்கள் மாட்டினீர்கள் :-)

டி.பி. கிருமி பெரும்பாலும் குடியிருப்பது நுரையீரலில். மாத்திரையோ வயிறு, ஈரல், ரத்தம் என்று உடம்பெல்லாம் சுற்றிவிட்டு மிச்சசொச்சமாக அங்கே போய்ச் சேருகிறது. வீசிங் உள்ளவர்கள் பவுடரை உறிஞ்சுகிற மாதிரி இதையும் மூச்சிலேயே அனுப்பினால் என்ன?

யோசனை பழசுதான். 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்த சில வருடங்களிலேயே அதைச் சாரலாக்கி முகரக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்குள் ஐசோனியாசிட் மாத்திரை வந்துவிட்டது. மாத்திரையை வைத்து வீட்டிலேயே குணப்படுத்தலாம், சானடோரியம் தேவையில்லை என்று நம்ம சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய ஆய்வு 1959-ல் உலகத்துக்கே காட்டியது. அப்புறம் முகர்வதை யார் நினைப்பார்கள்?

எங்கள் சித்தப்பாவுக்கு வந்தது மாத்திரைக்கு அடங்காத டி.பி. மாதக்கணக்கில் கனாமைசின் ஊசி. நோய் போனது, கூடவே காதும் போனது. அதனால்தான் இந்த விஷயம் எனக்கு வெறும் செய்தி இல்லை.

இங்கே லக்னோவில் அமித் மிஸ்ரா குழுவினர் ஐசோனியாசிடையும் ரிஃபாபுடினையும் உடம்பில் கரைந்துபோகும் பாலிமரில் பொதிந்து பவுடராக்கி, 2001-ல் எலிகளில் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். துகள் 1 முதல் 5 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். பெரிதானால் தொண்டையிலேயே நின்றுவிடும், ரொம்பப் பொடியானால் பெரும்பகுதி வெளிமூச்சோடு போய்விடும். எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த சங்கதி. நுரையீரலில் மேக்ரோபேஜ் என்று காவல்கார செல்கள் உண்டு, உள்ளே வரும் தூசியை விழுங்குவது அதன் வேலை. டி.பி. கிருமி ஒளிந்திருப்பதே அதற்குள்தான்! மற்ற மருந்துகளுக்கு இந்த விழுங்கல் தொந்தரவு. இங்கேயோ, திருடனைப் பிடிக்கும் மருந்தைக் காவல்காரனே வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போகிறான்.

சிக்கல் அளவில். வீசிங் கேப்ஸ்யூலில் சால்புட்டமால் 200 மைக்ரோகிராம். ஐசோனியாசிட் தினம் 300 மில்லிகிராம், அதாவது 1500 மடங்கு. உறிஞ்சினால் குறைவாகவே போதும் என்றாலும் இத்தனை பவுடரை நெஞ்சு தாங்குமா? 2013-ல் கேப்ரியோமைசின் பவுடரை ஆரோக்கியமான 20 பேருக்கு 300 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்த முடிவு வெளியானது. லேசான இருமலோடு தாங்கினார்கள். இனி காது தப்பும் என்று சந்தோஷப்பட்டேன்.

மறுபடி மாத்திரை முந்திக்கொண்டது. கேப்ரியோமைசின், கனாமைசின் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2018-19-ல் கைவிட்டது. அடங்காத டி.பி.க்கே ஊசி இல்லாத ஆறு மாத மாத்திரை சிகிச்சைக்கு 2024-ல் இந்தியாவும் ஒப்புதல் கொடுத்தது. டி.பி.க்கான பவுடர் இன்னும் எந்த மருந்துக்கடைக்கும் வரவில்லை.

போன வாரம் சித்தப்பாவுக்குப் போனில் கத்திக் கத்தி இதையெல்லாம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இழுக்குற மருந்தா? பீடி மாதிரியா?" என்றார்.