புயத்து நரம்பும் பக்தாதின் ஏடுகளும்

புயத்தின் பின்பக்கத் தசையை இயக்கும் நரம்பு, எலும்பை ஒட்டி வளைந்து கீழிறங்குகிறது. எலும்பு முறிகையில் நரம்பும் சிதைந்தால் மணிக்கட்டு தொங்கிவிடும். எனவே, பின்புறமாகக் கத்தி வைக்கும் அறுவை மருத்துவர் முதலில் இந்நரம்பைக் கண்டறிந்து காக்கிறார். முன்பக்கத் தசைகளுக்கு வேறொரு நரம்பு. இரண்டுமே கழுத்தின் தண்டுவடத்திலிருந்து கிளைப்பவை.

இதனைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தவர், அரபியர் ஜாலீனூஸ் என்றழைத்த கேலன். வண்டியிலிருந்து விழுந்த ஒருவருக்குச் சிறுவிரலும் மோதிரவிரலும் நடுவிரலில் பாதியும் உணர்விழந்தன. பிற மருத்துவர்கள் விரல்களுக்கே மருந்திட்டனர். கேலனோ முதுகுத்தண்டின் மேற்பகுதிக்கு மருந்திட்டுக் குணப்படுத்தினார்.

உடற்கூற்றுச் செய்முறைகள் குறித்த அவரது நூல் 15 பாகங்கள் கொண்டது. கிரேக்க மூலமோ 9ஆம் பாகத்தின் தொடக்கத்துடன் அறுந்துவிட்டது. 1531இல் பாரிஸில் வெளியான லத்தீன் பெயர்ப்பிலும் 9 பாகங்களே இருந்தன. தண்டுவட நரம்புகளை விவரிக்கும் 15ஆம் பாகம் அரபியில் மட்டுமே எஞ்சியது. 9ஆம் நூற்றாண்டில் அதனை அரபியாக்கியவர் ஹுபைஷ்; ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் சகோதரி மகன். ஹுனைன் கிறித்தவர் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அப்பாஸியரின் பக்தாத் அத்தகையது.

அரபியர் வெறும் மொழிபெயர்ப்பாளர்களே என எழுதுவோர் உளர். இப்னு ஸீனா (980–1037) தமது அல்-கானூனில் கழுத்து நரம்புகளுக்குத் தனிப் பகுதியே ஒதுக்கி, கைகளுக்குச் செல்வனவற்றை விளக்கியிருப்பதை அவர்கள் பார்ப்பதில்லை. அது நிற்க, இந்நூலைப் பொறுத்தமட்டில் அந்த ‘வெறும்’ மொழிபெயர்ப்பு இல்லையெனில் மூலத்தின் பின்பகுதி எவருக்குமே கிட்டியிராது. 1906இல் மாக்ஸ் ஸிமோன் அவ்வரபுப் பாகங்களை ஜெர்மன் பெயர்ப்புடன் வெளியிட்டார். ஆங்கிலத்தில் அவை 1962இல்தான் நூலாயின.