பவளக்காரத் தெருவில் ஒரு நோன்பு
மண்ணடியை அடுத்த பவளக்காரத் தெருவின் பெயரைப் பொருள் நோக்காது சொல்லிப் பழகிவிட்டோம். 17ஆம் நூற்றாண்டில் பவளம் கொணர்ந்து வைரம் கொண்டுசென்ற யூத வணிகரின் நினைவு அது. போர்ச்சுகலில் அவர்தம் முன்னோர் பாவநிவாரண நாள் நோன்பை மறைவாகவே நோற்றனர். 1560இல் கோவாவில் நிறுவப்பெற்ற சமய விசாரணை மன்றத்திற்கும் அவ்வொருநாள் பட்டினியே குற்றச்சான்று. சென்னையிலோ, 1688இல் தொடங்கிய மாநகராட்சியில் யூதர் ஆல்டர்மென்களாகவே அமர்ந்தனர். நோன்புக்கு அச்சம் நீங்கிற்று, ஆள்தான் வேண்டியிருந்தது. அவர்கள் மரபில் கூட்டு வழிபாட்டிற்கு வயதுவந்த ஆடவர் பதின்மர் கூடவேண்டும். (பத்தின் அருமையை நம் வட்டத்தார் அறிவர்.) 18ஆம் நூற்றாண்டில் பிரேசில் வைரம் வரவே, இங்கு வணிகம் தளர்ந்தது, பதின்மரும் அரிதாயினர். அவர்தம் கல்லறைக் கற்கள் தங்கசாலைப் பகுதியிலிருந்து காசிமேட்டுக்கும், துறைமுக விரிவுக்காக அங்கிருந்து ஔவை சண்முகம் சாலைக்கும் பெயர்க்கப்பட்டன.