சிறையிலிருந்து நகரமன்றத்திற்கு

பாஸ்டன் நகரில், சார்ல்ஸ் ஆற்றை ஒட்டி, 1851இல் கட்டப்பட்ட கருங்கல் சிறைச்சாலை ஒன்று நிற்கிறது. 1990இல் அது மூடப்பட்டது. 2007இல் சொகுசு விடுதியாக மீண்டும் திறக்கப்பட்டது. அச்சிறையில் 1904ஆம் ஆண்டின் இறுதியில் கைதியாக இருந்த ஒருவர், உள்ளிருந்தபடியே பாஸ்டன் நகரமன்றத் தேர்தலில் வென்றார். ஜேம்ஸ் மைக்கேல் கர்லி என்பது அவர் பெயர்.

அவர் செய்த குற்றம் ஆள்மாறாட்டம். அஞ்சல் துறையில் கடிதம் கொண்டுசெல்லும் வேலைக்கான தேர்வை, தம் பகுதிவாசி ஒருவருக்காக அவரே எழுதினார். பிடிபட்டு இரண்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். தேர்தல் களத்தில் இதை அவர் மறைக்க முயலவில்லை. மாறாக, ஒரு நண்பனுக்காகத்தானே செய்தேன் என்று அதையே தம் தகுதியாக முன்வைத்தார். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள் நிறைந்த பகுதி அது. நகரின் பழைய செல்வந்தக் குடும்பங்களிடம் தாழ்ந்து நின்று பழகிய மக்களுக்கு, தங்களில் ஒருவனுக்கு அரசாங்க வேலை கிடைப்பதற்காகச் சிறை செல்லவும் துணிந்தவர் குற்றவாளியாகத் தெரியவில்லை.

தண்டனை பெற்ற ஒருவர் உள்ளூர்ப் பதவிக்குப் போட்டியிடலாமா என்ற கேள்வியை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கர்லிதான் நினைவுக்கு வருகிறார். அக்கேள்விக்கான இரண்டு விடைகளும் அவர் ஒருவருடைய வாழ்க்கையிலேயே இருப்பதுதான் காரணம்.

கர்லி நான்கு முறை பாஸ்டனின் மேயராகவும், 1935 முதல் 1937 வரை மாசசூசெட்ஸ் மாநில ஆளுநராகவும் இருந்தார். மருத்துவமனைகள், பூங்காக்கள், ஏழைகளுக்கான கடற்கரைக் குளியலிடங்கள் என அவர் கட்டியவை பல. ஒப்பந்தங்களில் நடந்த முறைகேடுகளும் அவர் பெயரை விடாமல் தொடர்ந்தன. 1945இல் நான்காம் முறை மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோதே, போர்க்கால அரசாங்க ஒப்பந்தங்களை முன்வைத்து நடந்த மோசடி தொடர்பாக அவர்மீது வழக்கு இருந்தது. தீர்ப்பு பாதகமாக வர, 1947இல் மேயராக இருக்கும்போதே மீண்டும் சிறை புகுந்தார். நகர எழுத்தராக இருந்த ஜான் ஹைன்ஸ் தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். ஐந்து மாதங்களில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் தண்டனையைக் குறைக்க, கர்லி வெளியே வந்து, நேராக மேயர் நாற்காலியில் அமர்ந்தார்.

முதல் சிறைவாசம் ஓர் ஏழைக்காகச் செய்த தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதை அப்படிச் சொல்ல முடியாது. ஆயினும் அவரை அகற்றியது எந்தச் சட்டமும் அன்று. ஐந்து மாதம் பொறுப்பு வகித்த அதே ஹைன்ஸ் 1949இல் எதிர்த்து நின்று அவரை வென்றார். அதன்பின் கர்லி மீண்டும் மேயராகவே இல்லை. எட்வின் ஓ'கானர் 1956இல் எழுதிய 'தி லாஸ்ட் ஹர்ரா' நாவலின் நாயகன் கர்லியின் சாயலில் படைக்கப்பட்டவன் என்றே வாசகர்கள் கருதினர்.

மக்களின் தீர்ப்பு எப்போதும் இவ்வளவு எளிதாகத் தன்னைத் திருத்திக்கொள்கிறதா? ராட் ஐலண்ட் மாநிலத்தின் தலைநகரான பிராவிடன்ஸின் வரலாறு வேறு கதை சொல்கிறது. அதன் மேயர் வின்சென்ட் சியான்சி, ஒருவரைத் தாக்கிய வழக்கில் 1984இல் பதவி இழந்தார். 1990இல் மக்கள் அவரை மிகச் சில வாக்குகள் வித்தியாசத்தில் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். நகரின் மையப்பகுதி புத்துயிர் பெற்றது உண்மை. அந்த ஆட்சியில் நகர மண்டபம் கையூட்டுச் சந்தையானதும் உண்மை. 2002இல் ஊழல் சதிக் குற்றத்துக்காக அவருக்கு ஐந்தாண்டுக்கும் மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. விடுதலையான பின் 2014இல் மீண்டும் போட்டியிட்டார், இம்முறை தோற்றார். இடைப்பட்ட ஆண்டுகளில் ஊழலின் விலையைக் கொடுத்தவர்கள் வரி செலுத்திய சாதாரண மக்களே.

அப்படியானால் தண்டனை பெற்றவரைத் தேர்தலில் நிற்கவே விடக்கூடாது என்று சட்டம் இயற்றிவிடலாமே என்று வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் அப்பட்டியலை எழுதுபவர் யார் என்ற அடுத்த கேள்விக்கு அமெரிக்க வரலாற்றில் கசப்பான விடை ஒன்று உண்டு.

1890இல் மிசிசிப்பி மாநிலம் புதிய அரசமைப்பை எழுதியது. உள்நாட்டுப் போருக்குப் பின் கருப்பின மக்கள் பெற்ற வாக்குரிமையைப் பறிப்பதே அதன் வெளிப்படையான நோக்கம். கூட்டாட்சி அரசமைப்பு நிறத்தின் பெயரால் பறிப்பதைத் தடுத்தது. ஆகவே குற்றத்தின் பெயரால் பறித்தார்கள். திருட்டு, தீவைப்பு, பொய்ச்சாட்சி, கையாடல் போன்ற குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர் வாக்காளர் ஆக முடியாது. வாக்காளர் அல்லாதவர் பதவிக்கும் வர முடியாது. கருப்பினத்தார் செய்யக்கூடியவை என்று அன்றைய வெள்ளையர் கருதிய குற்றங்களே பட்டியலில் இடம்பெற்றன. கொலைக்கு அதில் இடமில்லை. 1968இல்தான் அது சேர்க்கப்பட்டது. இத்தெரிவின் உள்நோக்கத்தை 1896இல் அம்மாநில உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் ஒளிக்காமல் விவரித்தது.

அலபாமா 1901இல் இன்னும் ஒரு படி சென்றது. 'ஒழுக்கக்கேடான குற்றம்' எதுவாயினும் போதும் என்று விதித்தது. எது ஒழுக்கக்கேடு என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் வெள்ளையரிடமே இருந்தது. பணமில்லாத கணக்கில் காசோலை கொடுத்த சிறு குற்றத்துக்காக வாக்குரிமை இழந்தவர்கள் தொடுத்த வழக்கில், 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்விதி இனவெறுப்பிலிருந்து பிறந்தது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 1901க்கும் 1985க்கும் இடையே எண்பத்து நான்கு ஆண்டுகள்.

இவ்விரு தவறுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பாஸ்டன் வாக்காளர்களின் தவறு நான்கே ஆண்டுகளில், அடுத்த தேர்தலில் திருந்தியது. பிராவிடன்ஸில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின, திருத்தியதும் நீதிமன்றம்தான். ஆனால் சட்டமெழுதியவர்களின் தவறு திருந்த மூன்று தலைமுறைகள் கடந்தன. ஏனெனில் அதைத் திருத்தக்கூடிய வாக்குகளையே அச்சட்டம் பறித்திருந்தது.

இன்னொரு முரணும் உண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்குக் குற்றத்தண்டனை தடையே அல்ல. போருக்கு எதிராகப் பேசியதற்காகச் சிறையிலிருந்த யூஜின் டெப்ஸ், 1920இல் அட்லாண்டாச் சிறையிலிருந்தபடியே போட்டியிட்டு ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். 2024 மே மாதம் 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்ட டொனால்ட் டிரம்ப், அதே ஆண்டு நவம்பரில் வென்றார். ஆனால் லூசியானாவில், 'ஃபெலனி' எனப்படும் பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், தண்டனைக்காலம் முடிந்து ஐந்தாண்டுகள் ஆகும்வரை ஒரு சிற்றூர் மன்றத்துக்கும் நிற்க முடியாது என்று 2018இல் மக்கள் வாக்கெடுப்பில் முடிவாயிற்று. நாட்டை ஆளலாம், தெருவிளக்கைப் பற்றி முடிவெடுக்கலாகாது என்பது விந்தையான தர்க்கம்.

தீர்ப்புகளும் பிழைபடும். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் வழக்கில் பதின்ம வயதில் தண்டிக்கப்பட்ட யூசெஃப் சலாம், ஏறக்குறைய ஏழாண்டுகள் சிறையிலிருந்தார். உண்மைக் குற்றவாளி வெளிப்பட்டு, 2002இல் தீர்ப்பு ரத்தாகும்வரை ஏடுகளில் அவர் குற்றவாளியே. 2023இல் ஹார்லெம் மக்கள் அவரை நகரமன்றத்துக்கு அனுப்பினர்.

ஆகவே என் முடிவு இது. வகித்த பதவியைக் கொண்டே ஊரைக் கொள்ளையடித்தவரைச் சில ஆண்டுகள் விலக்கி வைப்பது தகும். கணக்கு ஒப்புவிக்காதவரிடம் மறுநாளே சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை. அவ்விலக்குக்கும் ஒரு முடிவுநாள் வேண்டும். மற்றக் குற்றங்களில், தண்டனையை முடித்து வந்தவரின் பழைய கதை முழுவதையும் ஊரார் முன் வைத்து, முடிவை அவர்களிடமே விட்டுவிடலாம். அவர்கள் ஏமாறவும் கூடும். சியான்சியின் நகரம் அதற்குச் சாட்சி. ஆனால் ஏமாந்தவர் கையில் அடுத்த தேர்தலின் வாக்குச்சீட்டு இருக்கிறது. மிசிசிப்பியில் பெயர் நீக்கப்பட்டவனின் கையில் அதுகூட இருக்கவில்லை.